பவர் மாத்திரை என்று ஒன்று கிடையாது: ஆன்டிபயாடிக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ண்ணா, போன வாட்டி குடுத்தது கேக்கல. இன்னும் கொஞ்சம் பவரா குடுங்க."

பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ மருந்துக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இது காதில் விழும். கடைக்காரரும் அமாக்சிசிலினை உள்ளே வைத்துவிட்டு செஃபிக்சைமை எடுத்து நீட்டுவார். அதுவும் கேட்கவில்லை என்றால் ஊசி. ஆன்டிபயாடிக்கில் சின்னது, பெரியது என்று ஒரு வரிசை இருப்பதாகவும், சின்னது தோற்ற இடத்தில் பெரியது ஜெயிக்கும் என்றும் நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அப்படி ஒரு வரிசையே இல்லை. ஒவ்வொரு மருந்துக்கும் பாக்டீரியாவின் உடம்பில் தாக்குவதற்கென்று ஓர் இடம் உண்டு. அந்த இடம் அந்தக் கிருமியிடம் இருக்க வேண்டும். மருந்தும் அங்கே போய்ச் சேர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் எத்தனை மில்லிகிராம் போட்டும் பயனில்லை.

பெரும்பாலான பாக்டீரியாக்களைச் சுற்றி பெப்டிடோகிளைக்கான் என்ற பொருளாலான சுவர் இருக்கிறது. கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த கயிறுகள். குறுக்கே அவற்றை இழுத்துக் கட்டும் சிறு அமினோ அமிலத் துண்டுகள். பாக்டீரியாவுக்குள் உப்பும் சத்தும் செறிந்து கிடப்பதால் வெளியே இருக்கும் தண்ணீர் சதா உள்ளே புகப் பார்க்கும். அந்த அழுத்தத்தைத் தாங்குவது இந்தப் பின்னல்தான். பெனிசிலின், அமாக்சிசிலின், செஃபலெக்சின், செஃபிக்சைம், செஃப்ட்ரையாக்சோன் எல்லாமே குறுக்குக் கட்டுப் போடும் நொதியைப் பிடித்து முடக்கிவிடுகின்றன. வளரும் பாக்டீரியா பழைய பின்னலை அவிழ்த்து அவிழ்த்துப் புதிதாகக் கட்டியாக வேண்டும். அவிழ்ப்பது நடக்கிறது, கட்டுவது நின்றுபோகிறது. சுவர் இற்று, தண்ணீர் ஏறி, பாக்டீரியா வெடிக்கிறது. மனித செல்லுக்கு இந்தச் சுவரே கிடையாது. ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு பெனிசிலின் பெரிய தொந்தரவு தராததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

சுவர் இல்லாத இடத்தில் சுவரை இடிப்பது

சளி, ஃப்ளூ, டெங்கு மூன்றும் வைரஸால் வருபவை. வைரஸுக்குச் சுவரும் இல்லை, சொந்தமாக ஒரு செல்லும் இல்லை. இதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாக்டீரியாவிலேயே இந்த மருந்துகளுக்குப் பிடிகொடுக்காதவை உண்டு என்பதுதான் அவ்வளவாகத் தெரியாத விஷயம்.

உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் ஸ்க்ரப் டைபஸை எடுத்துக்கொள்ளுங்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் வருவது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஆடு மேய்க்கப் போகிறவர்களும் விறகு எடுக்கப் போகிறவர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய காய்ச்சல். இதன் கிருமிக்குச் சுவர் பெயரளவுக்குத்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு அது நம் செல்லுக்கு உள்ளேயே குடியிருக்கிறது. செஃப்ட்ரையாக்சோன் ஊசியை நாள்கணக்கில் போட்டாலும் காய்ச்சல் இறங்காது. கிருமியின் புரத உற்பத்தியை நிறுத்தும் டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் இறங்கிவிடும். அந்த ஊசியை விட டாக்சிசைக்ளின் மலிவானதும்கூட. ஆக, காய்ச்சல் என்று டாக்டரிடம் போகும்போது காட்டுக்கோ கொல்லைக்கோ போய்வந்ததைச் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கில் வலியில்லாத கறுத்த பொருக்கு ஏதாவது இருந்தால் கூச்சப்படாமல் காட்டுங்கள். பலருக்கு நோயைக் காட்டிக்கொடுப்பது அந்தப் பொருக்குதான்.

625 என்றால் 500ஐ விடப் பெரிதா?

அட்டையில் 625 என்று போட்டிருக்கும் மாத்திரையில் அமாக்சிசிலின் 500 மில்லிகிராம்தான். மிச்சம் 125 கிளாவுலானிக் அமிலம். சில பாக்டீரியாக்கள் அமாக்சிசிலினை வெட்டிப்போடும் நொதியைச் சுரக்கும். அந்த நொதியை மடக்கி வைப்பதுதான் கிளாவுலானிக் அமிலத்தின் வேலை. நொதி சுரக்காத கிருமிக்கு 625 போடுவதால் கூடுதலாகக் கிடைப்பது வயிற்றுப்போக்கு மட்டும்தான். 625 கிடைக்கவில்லை என்று இரண்டு 375 போடுகிறவர்களும் உண்டு. 375 என்பது 250உம் 125உம். இரண்டு போட்டால் அமாக்சிசிலின் அதே 500, கிளாவுலானிக் அமிலமோ இரட்டிப்பு. கழிவறைக்கு நடந்தே ஓய்ந்துபோவீர்கள்.

பழையது, மலிவானது என்றால் பவர் குறைவு என்பதும் இதே ரகம். தொண்டைப் புண்ணையும், அதைத் தொடர்ந்து இதய வால்வைக் கெடுக்கும் வாதக் காய்ச்சலையும் உண்டாக்கும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ், 1940களில் புழக்கத்துக்கு வந்த பெனிசிலினுக்கு இன்றுவரை பணிந்துதான் போகிறது. வால்வு பாதித்த பிள்ளைகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தீன் பெனிசிலின் ஊசி போடுவது அதனால்தான். வலிக்கிற ஊசி என்று ஒரு முறையைத் தள்ளிப்போட்டால் அந்த இடைவெளியில் கிருமி உள்ளே வர வழி கிடைக்கிறது.

நேரம்

சிறுநீரகம் நன்றாக இருக்கிறவர் உடம்பில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்திலுள்ள அமாக்சிசிலின் பாதியாகக் குறையும். ஒரே முறையில் எவ்வளவு ஏறியது என்பதை விட, தேவையான அளவுக்கு மேல் எத்தனை மணி நேரம் நின்றது என்பதுதான் சுவரைத் தாக்கும் இந்த வகை மருந்துகளுக்குக் கணக்கு. மூன்று வேளை என்று எழுதியிருந்தால் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. காலை எட்டு, மதியம் ஒன்று, இரவு எட்டு என்று போட்டால் ராத்திரி பன்னிரண்டு மணி நேர இடைவெளி விழும்; அதன் பிற்பகுதியில் பாக்டீரியாவுக்கு ஓய்வு கொடுத்த மாதிரி. விடிவதற்கு முன்பே தக்காளி மண்டிக்குக் கிளம்புகிறவர் ஆறு, இரண்டு, பத்து என்று வைத்துக்கொள்ளலாம். விட்டுப்போனதற்கு ஈடாக இரண்டை ஒன்றாக விழுங்குவது வேண்டாம்.

எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும். இப்போது பல நோய்களுக்கு நாள்களைக் குறைத்தே எழுதுகிறார்கள். அதற்காகக் காய்ச்சல் விட்டதும் நீங்களே நிறுத்தி, மீதியை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எடுத்துவைப்பது கணக்கில் சேராது.

செட் மாத்திரை

பேப்பர் கவரில் நாலைந்து மாத்திரையைக் கலந்து கட்டித் தருவதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. எது என்ன என்று பெயர் தெரியாது. ஒவ்வாமை வந்தால் டாக்டரிடம் காட்ட அட்டையும் இருக்காது. இன்னொன்றும் இருக்கிறது. பெனிசிலின் வகை மருந்துக்கு வளரும் பாக்டீரியா வேண்டும். டாக்சிசைக்ளின் பாக்டீரியாவின் வளர்ச்சியையே நிறுத்தும். எதற்கு என்று தெரியாமல் இரண்டையும் ஒரே கவரில் போட்டால் ஒன்று மற்றதன் காலை வாரிவிடக் கூடும். டாக்டர் காரணத்தோடு சேர்த்து எழுதுவது வேறு. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது என்று அர்த்தம்.

வெளிச் சவ்வும் கோழிப் பண்ணையும்

1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த சாய முறையில் சில பாக்டீரியா ஊதாவாகவும் சில இளஞ்சிவப்பாகவும் தெரியும். இளஞ்சிவப்பு ரகத்துக்குச் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. ஆஸ்பத்திரியில் ஊசியாகப் போடும் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் உருவில் பெரிய மூலக்கூறு; அந்தச் சவ்வைத் தாண்ட முடியாது. சிறுநீர்த் தொற்றுக்கு அடிக்கடி காரணமாகும் ஈ.கோலை இந்த ரகம். அங்கே "பெரிய ஊசி" வான்கோமைசின் வெறும் தண்ணீர்தான். திரும்பத் திரும்ப சிறுநீர்த் தொற்று வருகிறவர்கள் முதல் மாத்திரை போடும் முன்பே கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, சிறுநீர் கொடுப்பது நல்லது. மருந்து உள்ளே போன பிறகு கொடுத்தால் கிருமி வளராமல் ரிப்போர்ட் ஏமாற்றிவிடலாம்.

அந்தச் சவ்வையே கிழிப்பது கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக். நம் செல்லுக்கும் சவ்வு உண்டு என்பதால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். அதனாலேயே வேறு வழியில்லாதபோது மட்டும் எடுக்கிறார்கள். அப்படிப்பட்ட மருந்தைக் கோழி சீக்கிரம் எடை போடுவதற்காகத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். அதை எதிர்க்கும் எம்சிஆர்-1 என்ற மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது சீனாவில் 2015இல் வெளியில் தெரிந்தது. இந்தியா 2019இல் கால்நடை, கோழிகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் பண்ணை வைத்திருப்பவர்கள் பழைய பாக்கெட் ஏதும் கிடந்தால் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

மாட்டுக்கு மடிநோய் வந்தால் காம்பில் ஏற்றும் ட்யூபிலும் பெரும்பாலும் பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகைதான். பால் திரிதிரியாக வருவது நின்றதும் மருந்தை நிறுத்திவிட்டு, மறுநாளே சொசைட்டிக்குப் பாலை ஊற்றுவது இரட்டைத் தவறு. எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று ட்யூப் டப்பாவில் போட்டிருக்கும். காய்ச்சினால் மருந்து முழுதாகப் போய்விடாது. தயிராக்கும் பாக்டீரியாவுக்கும் அதே சுவர் உண்டு என்பதால் அந்தப் பால் ஒழுங்காக உறையவும் உறையாது. ஒதுக்கிய பாலைக் கன்றுக்கும் ஊட்டாமல் கொட்டிவிடுங்கள்.