ஆட்டிசம், ஏடிஎச்டி குழந்தைகளோடு வேலை செய்யப் போகும் உளவியலாளருக்கு

உளவியல் படித்துவிட்டு, ஆட்டிசமோ ஏடிஎச்டியோ (கவனக் குறைவு, மிகைத் துடிப்பு) உள்ள குழந்தைகளோடு வேலை செய்யும் இந்தத் துறைக்கு வர நினைக்கிறீர்களா? மதிப்பீட்டுக் கருவிகளில் பயிற்சி எடுப்பதற்கு முன்னால், சிறப்புப் பள்ளியோ தெரபி மையமோ, இடம் கிடைத்த இடத்தில் சில மாதங்கள் உதவியாளராக இருங்கள். பொம்மை கார்களை வரிசையாக அடுக்குவது ஆட்டிசத்தின் அறிகுறி என்று யார் வேண்டுமானாலும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். அந்த வரிசை கலைந்ததும் குழந்தை எப்படித் தவிக்கிறது, எது அதை அமைதியாக்குகிறது என்பது தரையில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

முதுகலைப் படிப்பு, மேற்பார்வையில் பயிற்சி, அப்புறம் உரிமம் என்பதுதான் பொதுவான வழி. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் படிப்பில் சேரும் முன்பே விசாரித்துவிடுங்கள். உங்கள் தவறுகளை முகத்துக்கு நேராகச் சொல்லும் மேற்பார்வையாளர் கிடைத்தால் விடாதீர்கள்.

மதிப்பீட்டுக்கு வந்தால், ஏடோஸ்-2 (ஆட்டிசத்துக்கான மதிப்பீடு), வைன்லேண்ட் (அன்றாடத் திறன்களுக்கானது), விஸ்க்-5 (அறிவுத்திறனுக்கானது) எல்லாம் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும், ஆனால் மதிப்பெண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பேச்சு தாமதம் என்று வரும் குழந்தைக்குக் காது பரிசோதனை ஆகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள், தூக்கத்தைப் பற்றியும் கேளுங்கள். ஏடிஎச்டிக்கு 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும், அதுவும் குறைந்தது இரண்டு சூழல்களில், அதனால் ஆசிரியரிடம் பேசாமல் அறிக்கை எழுதக்கூடாது. 2013-இல் டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கண்டறிதல் கையேடு வரும்வரை ஆட்டிசமும் ஏடிஎச்டியும் ஒரே குழந்தைக்கு இருப்பதாகக் கண்டறிய அதன் முந்தைய பதிப்பு இடம் தரவில்லை. உண்மையில் இரண்டும் அடிக்கடி சேர்ந்தே வரும். ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்திவிடாதீர்கள். வகுப்பில் அமைதியாக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து வெடிக்கும் பெண் குழந்தைகளை விஷயம் தெரிந்தவர்களே தவறவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், இந்த வேலையில் கடினமான பகுதி முடிவைப் பெற்றோரிடம் சொல்வதுதான். முடிந்தால் இருவரையும் சேர்த்து வரச்சொல்லுங்கள். எண்களில் தொடங்காமல், அவர்கள் குழந்தையிடம் நீங்கள் ரசித்த ஒன்றைச் சொல்லிவிட்டு, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வாருங்கள். ஆட்டிசம் அல்லது ஏடிஎச்டி என்ற பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதில் பாதி அவர்கள் காதில் ஏறாது. “நான் சரியா வளர்க்கலையா?” என்று அம்மா வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள். பாசமில்லாத தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்று 1950, 60-களில் நிபுணர்களே சொல்லிவந்தார்கள், அது முழுக்கத் தவறு, அந்தப் பழியைச் சுமந்த அம்மாக்கள் எத்தனையோ பேர். அன்றைக்கே பத்து சிகிச்சைகளைப் பட்டியல் போடாமல் வீட்டில் செய்யக்கூடிய ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச்சொல்லுங்கள், நிஜமான கேள்விகள் அப்போதுதான் வரும். வேண்டியதைக் காட்டிச் சொல்லப் படஅட்டை கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடுமோ என்று பயப்படுவார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

இலக்குகளைக் குழந்தையின் பக்கமிருந்து வையுங்கள். கையை உதறுவது யாரையும் காயப்படுத்தவில்லை என்றால் அதை நிறுத்த வேண்டியதில்லை, கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். டேமியன் மில்டன் என்ற ஆட்டிச ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான், 2012-இல் எழுதியது இங்கே முக்கியம்: புரிதல் சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நம்மைப் புரியாத மாதிரி நமக்கும் அவர்களைப் புரிவதில்லை. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் எழுதுவதைத் தொடர்ந்து படியுங்கள்.

அறிக்கையின் முதல் பக்கத்தை ஆசிரியருக்காக எழுதுங்கள்: எங்கே உட்கார வைக்க வேண்டும், எவ்வளவு கூடுதல் நேரம் தர வேண்டும், சத்தம் தாங்காமல் போனால் குழந்தை எங்கே போகலாம். மதிப்பெண் அட்டவணை கடைசியில் இருந்தால் போதும்.