ஆட்காட்டி கத்தினால் பின்வாங்குங்கள்

சத்தம் போடாதீர்கள், குப்பை போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஏரிக்கரைக்குப் புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்கள், ஆரம்பத்தில் நான் அடித்த கூத்தையே மறுபடி அடிக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இது.

முட்டையைச் சுற்றி நின்று படம் எடுப்பது

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது. போன கோடையில் செங்கல்பட்டுப் பக்கம் வற்றிக் கிடந்த ஓர் ஏரி. ஆட்காட்டி என்ற பறவை மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையில் சின்னப் பள்ளம் பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டை இடும். மண் நிறம், மேலே கரும்புள்ளி. பக்கத்தில் நின்றாலும் கண்ணில் படாது. கூட வந்த தம்பி ஒருவர் எப்படியோ பார்த்துவிட்டார். உடனே எல்லோரும் வட்டம் கட்டி செல்போனை நீட்டினார்கள். தலைக்கு மேல் இரண்டு பறவைகளும் கத்திக் கத்திப் பாய்கின்றன. "சார், செமையா போஸ் குடுக்குது!" என்கிறார்.

போஸா அது? கோடையில் அவை முட்டைமேல் உட்காருவது நிழலுக்கும் சேர்த்துத்தான். உச்சி வெயிலில் எழுப்பிவிட்டு நாம் நின்றுகொண்டே இருந்தால் உள்ளே கரு வெந்துவிடும். போதாக்குறைக்கு, வேலிக்காத்தான் மேல் ஒரு காக்கை, நாங்கள் எங்கே குனிகிறோம் என்று பார்த்துக்கொண்டே இருந்தது.

ஆட்காட்டி கத்த ஆரம்பித்துவிட்டதா, நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். கத்தல் அடங்கும்வரை பின்னால் வாருங்கள். ஒரு பனை மரத்தடியில் உட்காருங்கள். பறவை நேராக முட்டைக்குப் பறந்து வராது. தள்ளி இறங்கும், நாலு அடி ஓடும், நிற்கும், சும்மா தரையைக் கொத்தும், மறுபடி ஓடும். சில நேரம் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும். ஆணும் பெண்ணும் மாறி மாறி. வட்டம் கட்டி நின்றவர்களுக்கு இதெல்லாம் கிடைக்காது.

செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிடுவது

எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று அது வேலையை விட்டு ஓடிவரும். வேண்டாம்.

பெயர் தெரிந்ததும் நகர்ந்துவிடுவது

"கொக்குதானே, பார்த்தாச்சு." சின்னக் கொக்கு தன் கறுப்புக் காலின் மஞ்சள் விரல்களால் சேற்றைக் கலக்கி மீனைக் கிளப்பும். அதைப் பார்த்தாச்சா?

பத்து மணிக்கு வருவது

வராதீர்கள்.

மே மாதம் வேடந்தாங்கல் போவது

நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் சீசன். அப்போதும் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வண்டியை எடுங்கள்.