ஜிப்ஸிக்குப் பெரிய டயர்: 1.3 லிட்டர் எஞ்சின் எதுவரை தாங்கும்?

பஞ்சர் கடையில் வீலைக் கழற்றிப் போட்டதுமே, "இதுக்கு மேல ஒரு சைஸ் போடலாம்ண்ணே, வண்டி கெத்தா நிக்கும்" என்பார்கள். நிற்கும்தான். சிறுமலைக் கொண்டை ஊசி வளைவில் நின்று மறுபடி கிளப்பும்போது என்ன ஆகும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மாருதியின் எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்‌ஷன்) ஜிப்ஸி கிங்கில் இருப்பது 1298 சி.சி. எஞ்சின். உச்ச டார்க் (சுழற்றும் விசை) 103 நியூட்டன் மீட்டர், அதுவும் 4500 ஆர்பிஎம்மில்.

டயர் வாங்குமுன் பேனாவை எடுங்கள். அகலத்தை விகிதத்தால் பெருக்கி, இரண்டு மடங்காக்கி, ரிம்மின் 381 மி.மீ.யைக் கூட்டினால் விட்டம். கம்பெனி அளவான 205/70 ஆர் 15க்கு (அகலம் 205 மி.மீ., பக்கச் சுவர் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 15 அங்குலம்) 668 மி.மீ. வரும். 215/75 ஆர் 15க்கு 703.5, இது 5 சதவீதம் பெரிசு. 235/75 ஆர் 15க்கு 733.5, கிட்டத்தட்ட 10 சதவீதம் பெரிசு. டயர் பெரிசாகும் அளவுக்குத் தரையில் இழுக்கும் விசை குறையும். 235 போட்ட வண்டி, பழைய டயரில் ஓடும் 94 நியூட்டன் மீட்டர் வண்டியைப் போலத்தான் இழுக்கும். இதோடு, டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 10 சதவீத சக்தியை இழக்கும். கொடைக்கானல் 2100 மீட்டர். இரண்டையும் சேர்த்தால், மூன்றாவது கியரில் ஏறிய ஏற்றத்துக்கு இரண்டாவது கேட்கும்.

இவ்வளவு கொடுத்து வாங்குவது என்ன? விட்டம் கூடியதில் பாதிதான் ஆக்ஸிலுக்கு அடியில் உயரமாகக் கிடைக்கும். 235க்கு 33 மி.மீ., இரண்டு விரல் அகலம். 215க்கு 18 மி.மீ. கியர் விகிதத்தை மாற்றாமல் ஓட்டப்போகிறவர்களுக்கு 215/75 போதும் என்பதே எங்கள் கருத்து. 235/75 உச்ச வரம்பு. 30 அங்குல டயர் லிஃப்டும் (வண்டியை உயர்த்துவதும்) கியர் மாற்றமும் கேட்கும். இந்தக் கட்டுரை அதற்கில்லை.

எந்த மண்ணுக்கு எந்தப் பட்டன்

மேலூர்ப் பக்கத்துக் கல்லுக்கும் செம்மண்ணுக்கும் ஆல் டெரெய்ன் டயர் தாராளம். கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் நனைந்தால் கதை வேறு. நாலு சுற்றிலேயே பட்டன் (டயர்மேல் துருத்தும் கட்டைகள்) இடைவெளியெல்லாம் களி அடைத்து, டயர் மொட்டைத் தலையாகிவிடும். மட் டெரெய்ன் டயரின் அகன்ற இடைவெளி களியை உதறித் தள்ளும், ஆனால் வீல் வேகமாகச் சுழன்றால்தான் உதறும். அந்த வேகத்துக்கு எஞ்சினில் தெம்பு வேண்டும். அதனால் சின்ன எஞ்சினுக்கு, கரிசலில் அகலம் குறைந்த, பட்டன் இடைவெளி அதிகமான டயரே உதவும். அது மேல் சேற்றை வெட்டி அடியிலுள்ள கெட்டி மண்ணைப் பிடிக்கும். வைகை மணலில் பட்டனுக்கு வேலையே இல்லை, காற்றைக் குறைப்பதுதான் வழி.

டயரின் எடையையும் கேளுங்கள், முடிந்தால் தராசில் வைத்துப் பாருங்கள். ஒரு டயருக்கு 4, 5 கிலோ கூடினால் கிளப்புவதும் நிறுத்துவதும் இரண்டுமே கனக்கும். பக்கச் சுவரில் நாலு இலக்கத் தேதி இருக்கும். 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். குடோனில் கிடந்த பழைய சரக்கைத் தள்ளுபடி விலையில் தருவார்கள். மதுரை வெயிலில் அது சீக்கிரம் வெடிப்பு விடும்.

பழைய 5.5 அங்குல ரிம்மில் 215/75 உட்காரும். 235க்குக் குறைந்தது 6 அங்குல ரிம் வேண்டும். குறுகிய ரிம்மில் ஏற்றினால் நடுப்பட்டன் மட்டும் தேயும். ரிம் மாற்றினால் ஐந்து போல்ட், 139.7 மி.மீ. வட்டம் என்று பார்த்து வாங்குங்கள். வெளியே அதிகம் துருத்தும் ரிம்மைத் தவிருங்கள். ஸ்டீயரிங் கனத்து, ஹப் பேரிங்கும் கிங்பின் (முன்வீல் திரும்பும் அச்சு) பேரிங்கும் சீக்கிரம் போகும். நட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: ஜிப்ஸி ஸ்டட் 12 மி.மீ., 1.25 பிட்ச் (மரை இடைவெளி). 1.5 பிட்ச் நட் முதல் இரண்டு சுற்று நன்றாகவே ஏறும், அப்புறம் மரையைத் தின்றுவிடும். விரலாலேயே பாதிவரை ஏற்றிவிட்டுத்தான் ஸ்பானரைப் பிடியுங்கள்.

ஒரே ஒரு டயரை வைத்துச் சோதனை

ஐந்து டயருக்கும் பணம் கட்டுமுன், ரிம்மோடு ஒரு வீலை இரவல் வாங்கி முன்பக்கம் இடதில் மாட்டுங்கள். சமதளத்தில் ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்புங்கள். டயரின் உள்பக்கச் சுவர் ஸ்பிரிங் பட்டையை நெருங்கும். இடையில் ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் நக்கிளில் (முன்வீலைத் தாங்கித் திருப்பும் பாகம்) இருக்கும் ஸ்டாப்பர் போல்ட்டின் லாக் நட்டைத் தளர்த்தி, போல்ட்டை இரண்டு மூன்று சுற்று வெளியே எடுத்து மறுபடி லாக் செய்யுங்கள். இரண்டு பக்கமும் சமமாக. இதனால் வண்டி திரும்பும் வட்டம் பெரிதாகும். மாசி வீதியில் யு டர்ன் அடிக்க ஒரு ரிவர்ஸ் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும்.

அடுத்தது முக்கியமான சோதனை. வற்றிய கண்மாய்க் கரைச் சரிவில் அந்த வீல் மட்டும் மேலேறும்படி வண்டியைக் குறுக்காக ஏற்றுங்கள், அல்லது ஓரடி உயரக் கல்லில் ஏற்றுங்கள். டயர் மட்கார்டுக்குள் புகுந்து நிற்கும். ஒருவர் மெதுவாக ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். திருப்பும்போது கையை உள்ளே விடாதீர்கள். பெரும்பாலும் பம்பர் முனையும் மட்கார்டின் பின் ஓரமும்தான் உரசும். டயர் பட்ட இடம் பெயின்ட் போய்ப் பளபளக்கும். லேசான உரசல் என்றால் அந்த ஓரத்தை மடித்து, உடனே பிரைமர் அடியுங்கள். விட்டால் ஒரு மழைக்காலத்தில் துரு தின்றுவிடும். முழுசாக அமுங்கும்போது மட்டும் இடித்தால் பம்ப் ஸ்டாப்புக்கு (ஆக்ஸில் மேலே இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) 15 மி.மீ. கட்டை ரப்பர் சேர்த்தாலே தீரும்.

அப்படியும் இடித்தால்தான் ஷாக்கிள் (ஸ்பிரிங் பட்டையின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் பட்டை) மாற்றும் பேச்சு. ஷாக்கிளில் 2 அங்குலம் கூட்டினால் வண்டி 1 அங்குலம்தான் உயரும். முன்னால் அதற்கு மேல் போகாதீர்கள். ஜிப்ஸியின் முன் ஷாக்கிள் ஆக்ஸிலுக்கு முன்னே இருப்பதால், அது நீளும்போது ஆக்ஸில் பின்னால் நிமிர்ந்து காஸ்டர் (கிங்பின்னின் பின்சாய்வு) குறையும். ஓடும்போது ஸ்டீயரிங் நேரே நிற்காமல் அலையும். பிரேக் ஹோஸ் முழு நீளத்துக்குத் தொங்கும்போது இழுபடுகிறதா என்றும் பாருங்கள்.

ஆட்டம் வந்தால் டயரைத் திட்டாதீர்கள்

பெரிய டயர் போட்ட மறுநாளே, 60, 70 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் பேயாட்டம் ஆடுகிறது என்று வருவார்கள். பாலன்ஸிங் செய்து பார்ப்பார்கள், டயரை முன் பின் மாற்றுவார்கள், நிற்காது. பெரும்பாலும் குற்றவாளி கிங்பின் பேரிங். பழைய சின்ன டயரில் மறைந்திருந்த தளர்வைப் பெரிய டயர் காட்டிக்கொடுக்கிறது. வீலைக் கழற்றி, டை ராடைப் (இரண்டு முன்வீலையும் இணைக்கும் தண்டு) பிரித்து, நக்கிளின் பின்புற ஆயில் சீலை விலக்குங்கள். டை ராட் மாட்டும் துளையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கியிட்டு இழுங்கள். நக்கிள் அசையத் தொடங்க 1 முதல் 1.8 கிலோ வரை இழுக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் கிங்பின்னுக்கு அடியிலுள்ள ஷிம்மில் (மெல்லிய தகடுகளில்) ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். பேரிங்கில் குழி விழுந்திருந்தால் ஷிம் உதவாது, மாற்றத்தான் வேண்டும்.

ஜிப்ஸியில் அலைன்மென்ட் என்றால் டோ இன் (முன்வீல்கள் முன்னால் உள்நோக்கி நெருங்கியிருக்கும் அளவு) ஒன்றுதான் சரிசெய்யக்கூடியது. 2 முதல் 6 மி.மீ. வரை இருக்கலாம். நட்டுகளை நட்சத்திர வரிசையில் முறுக்குங்கள், 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை.

காற்றழுத்தத்துக்குச் சாக்பீஸ் போதும். பட்டன்மேல் குறுக்காக ஒரு பட்டையான கோடு போட்டு, தார்ச்சாலையில் 30 மீட்டர் நேராக ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்கள் மட்டும் அழிந்தால் குறைவு. 26 பிஎஸ்ஐயில் தொடங்கி இரண்டிரண்டாக மாற்றினால் உங்கள் வண்டிக்கான அளவு கிடைத்துவிடும். மணலுக்கு 15 வரை இறக்கலாம். 12க்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். சாலைக்கு ஏறுமுன் திரும்ப அடிக்காமல் ஓட்டினால், மே மாதத் தார்ச்சூட்டில் பக்கச் சுவர் உள்ளுக்குள் வெந்துபோகும். சின்ன கம்ப்ரஸர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

இழந்த இழுவையை முழுசாக மீட்க வேண்டுமானால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) கியர்தான். கம்பெனி லோ விகிதம் 2.268, ஹை 1.409. ஜிப்ஸியின் உடன்பிறப்பான சுஸுகி சாமுராய் வண்டிகளுக்கு வெளிநாட்டில் விற்கும், லோ விகிதம் 4.16 ஆன செட்டில் ஹை விகிதமும் சுமார் 12 சதவீதம் கூடும், அதாவது 235 டயர் எடுத்துக்கொண்டதை அது திருப்பித் தந்துவிடும். விலை டயரை விட அதிகம். அது இல்லாதவர்கள் ஏற்றத்தில் கிளட்ச்சைப் பாதி மிதித்துச் சமாளிக்காமல், கரடுமுரடான மண் ஏற்றத்தில் முதலிலேயே லோவுக்கு மாற்றிவிடுங்கள். தார்ச்சாலையில் வேண்டாம்.

ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும். ஃபோர் வீலில் ஓடும்போது ஒரு வீல் மட்டும் சின்னதாக இருந்தால் கியர்களே திணறும். கனத்த ஸ்டெப்னியால் பின்கதவுக் கீல் தொங்கும், வாஷர் கொடுத்து முறுக்குங்கள். பழைய வீல் செட்டை விற்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி விவரக்குறிப்புக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. 15 வருடம் தாண்டிய வண்டியை எஃப்சிக்குக் கொண்டுபோகும்போது அந்தப் பழைய செட்தான் காப்பாற்றும்.

ஸ்பீடோமீட்டர் இனி குறைத்துக் காட்டும். 235 டயரில் முள் 80இல் இருந்தால், முன்பு 88இல் இருந்தபோது போன வேகத்தில் போகிறீர்கள். கிலோமீட்டர் கணக்கும் அப்படியே. மைலேஜ் பார்க்கும்போது மீட்டர் காட்டும் தூரத்தை 1.1ஆல் பெருக்கிவிட்டு லிட்டரால் வகுங்கள். பெருக்க மறந்துவிட்டுத்தான் பலர் மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகிறார்கள்.