கொளத்தூரில் மலிவாக மீன் தொட்டிச் செடி வாங்குவது எப்படி? (புதிதாகத் தொடங்குபவர்களுக்கு)

சென்னை கொளத்தூர் பக்கம் போய் "அண்ணா, லைவ் பிளான்ட் என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்குக் கடை வேறு விலை, வேறு பெயர். ஒருவர் "ஸ்வார்ட்" என்பார், பக்கத்துக் கடையில் அதே செடி "அமேசான்". அதனால் விலை கேட்பதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டு அடித் தொட்டியை நிரப்ப ஆயிரக்கணக்கில் செலவாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சரியான செடியாகப் பார்த்து எடுத்தால் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும்.

தொட்டி, ஃபில்டர், தண்ணீரைப் பழக்குவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இது செடிக்கான பதிவு மட்டும்.

படி 1: முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீர்

செடியைத் தேர்ந்தெடுப்பது நீங்கள் இல்லை, உங்கள் வீட்டுக் குழாய்தான். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். பாத்திரத்தில் வெள்ளை படிகிறதா? அப்படியானால் வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வோர்ட் என்ற மூன்று செடிகளும் உங்களுக்குத்தான். கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே இவை தமக்கு வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் எதுவும் தேவைப்படாது.

மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) என்றால் குளோரின் போக ஒரு நாள் பக்கெட்டில் பிடித்து வையுங்கள், அல்லது ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள். கேன் வாட்டரை மட்டுமே ஊற்றுபவர்களும் உண்டு. அதில் தாது உப்பு மிகக் குறைவு. செடிக்கும் பற்றாது, மீனுக்கும் நல்லதில்லை. போர் தண்ணீரில் கலந்து பயன்படுத்தினால் சரி.

படி 2: எங்கே, எப்போது

கொளத்தூரும் அதைச் சுற்றிய பொன்னியம்மன்மேடு, மாதவரம் பகுதிகளும் வண்ண மீன் வளர்ப்புக்குப் பெயர் போனவை. சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் கடைகளும் இருக்கின்றன. 1985 தீ விபத்துக்கு முந்தைய மூர் மார்க்கெட்டை நினைவு வைத்திருக்கும் பெரியவர்கள் இன்றும் அந்த இடத்தை மூர் மார்க்கெட் என்றுதான் சொல்வார்கள். செடிக்கு என் ஓட்டு கொளத்தூருக்கே. ஒரே தெருவில் நாலு கடை ஏறி இறங்கி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கூட்டத்தில் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்க முடியாது. வாரநாள் காலையில் போங்கள். "இது எப்போது வந்தது அண்ணா?" என்று கேளுங்கள். நேற்று வந்தது என்றால் அவசரம் வேண்டாம். ஒரு வாரமாகக் கடைத் தொட்டியிலேயே நின்று புதுத் தளிர் விட்டிருக்கும் செடிதான் நமக்கு வேண்டியது. பளபளவென்று இருப்பதைவிட, கீழ் இலை கொஞ்சம் பழுத்து, நுனி பச்சையாக இருக்கும் செடிக் கட்டைத்தான் எடுப்பேன்.

அக்னி நட்சத்திர நேரத்தில் புதுச் செடி வாங்காமல் இருப்பது நல்லது. தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும், வேர் பிடிக்காத செடி அந்தச் சூட்டைத் தாங்காது. கூரியரில் வரவழைப்பதும் அந்த மாதத்தில் சூதாட்டம்தான்.

படி 3: இது நிஜமாகவே தண்ணீர்ச் செடிதானா?

இங்கேதான் பெரும்பாலானவர்களின் காசு போகிறது, அதனால் இதை நீட்டிச் சொல்கிறேன்.

தண்ணீருக்குள் நிற்கிறது என்பதால் அது தண்ணீருக்குள் வாழும் செடி ஆகிவிடாது. லக்கி பேம்பூ, சிங்கோனியம், பீஸ் லில்லி, ஊதா நிறத்தில் சுருக்கச் சுருக்கமாக இலை இருக்கும் ஹெமிகிராஃபிஸ், புல் மாதிரி இருக்கும் மோண்டோ கிராஸ் எல்லாமே மீன் தொட்டிக்குள் முழுக்க மூழ்கிய நிலையில் விற்கப்படுகின்றன. சில வாரம், சிலது சில மாதம்கூடப் பச்சையாகவே நிற்கும். அப்புறம் தண்டு குழைந்து நாற்றம் அடிக்கும், தண்ணீர் கெடும். லக்கி பேம்பூவும் பீஸ் லில்லியும் பிடிக்குமென்றால் வேர் மட்டும் தண்ணீரில், இலை வெளியே இருக்கும்படி வையுங்கள். நன்றாகவே வளரும்.

இரண்டாவது விஷயம் இதைவிட நுட்பமானது. உண்மையான தண்ணீர்ச் செடியையும் பண்ணைகளில் பல நேரம் தண்ணீருக்கு வெளியே, ஈரக் காற்றில்தான் வளர்க்கிறார்கள். வேகமாக வளரும், பாசி பிடிக்காது, அனுப்புவதும் எளிது. அந்த இலை காற்றுக்குப் பழகிய இலை. நம் தொட்டிக்குள் போனதும் அது கரைந்து விழும், பிறகு தண்ணீருக்கு ஏற்ற புது இலை வரும். இதைத் தெரியாமல் "செடி செத்துப்போச்சு" என்று பிடுங்கிப் போடுபவர்கள்தான் அதிகம்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, தண்டைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பாருங்கள். தண்ணீருக்குள் வளர்ந்த தண்டு ஈரத்துணி போலத் துவண்டு தொங்கும். காற்றில் வளர்ந்தது குச்சியாக நிமிர்ந்து நிற்கும். இலையைத் தொட்டாலும் தெரியும்: முன்னது மெல்லிசு, பின்னது தடிப்பு, மேலே மெழுகுப் பூச்சு. வாட்டர் விஸ்டீரியாவில் இது கண்ணுக்கே தெரியும். காற்றில் வளர்ந்தால் இலை முழுசாக, ஓரம் பல் பல்லாக இருக்கும்; தண்ணீருக்குள் வளர்ந்தால் கொத்தமல்லி மாதிரி பிரிந்து பிரிந்து இருக்கும். அமேசான் ஸ்வார்டில் நீளக் காம்பும் வட்ட இலையும் இருந்தால் காற்றுச் செடி.

நிமிர்ந்து நிற்பதை வாங்கவே கூடாது என்று இல்லை. விலை குறைத்துக் கேளுங்கள், இலை கொட்டும் என்று தெரிந்தே வாங்குங்கள். கிரிப்டோகோரைன் மட்டும் தண்ணீருக்குள் வளர்ந்ததாகவே இருந்தாலும் இடம் மாறினால் இலையைக் கொட்டும். வேரைப் பிடுங்காமல் விட்டால் திரும்பத் தளிர்க்கும்.

படி 4: என்ன வாங்குவது

நான் போகும் வரிசை இதுதான். முதலில் வாலிஸ்னேரியா ஒரு கட்டு. ஓடுகொடி விட்டுத் தானே பெருகும் என்பதால் இரண்டாவது முறை வாங்க வேண்டியதில்லை. அடுத்து ஹைக்ரோஃபிலா அல்லது வாட்டர் விஸ்டீரியா. நுனியை வெட்டி நட்டால் அதுவே புதுச் செடி. இவை நம் நாட்டுச் சூட்டுக்குப் பழகியவை. இவ்வளவும் நூறு இருநூறு ரூபாய்க்குள் அடங்கும்.

காசு மிச்சம் இருந்தால் ஒரே ஒரு அனுபியாஸ் அல்லது ஜாவா ஃபெர்ன். விலை கூட, வளர்ச்சி ஆமை வேகம், ஆனால் மங்கலான வெளிச்சத்திலும் சாகாது. சிவப்புச் செடிகளைக் கடையில் பார்த்து ரசித்துவிட்டு வந்துவிடுங்கள். கம்பளம் போல் படரும் செடிகளும் இப்போதைக்கு வேண்டாம். கபோம்பா அழகுதான், ஆனால் வெளிச்சம் குறைந்தால் ஊசி ஊசியாக உதிர்ந்து ஃபில்டரை அடைக்கும்.

நீர்ப்பிரமி பற்றி யாரும் சொல்வதில்லை. வெளிநாட்டுப் பெயரில் பக்கோபா மோனியெரி என்று விற்பது நம் ஊர் ஈர நிலங்களில் முளைக்கும் இதே செடிதான். மூலிகை நர்சரியில் கிடைத்தால் வாங்கி, மண்ணை முழுக்கக் கழுவிவிட்டு நடலாம். ஆனால் பூச்சிமருந்து அடித்ததா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

படி 5: வீட்டுக்கு வந்ததும்

பையில் தண்ணீர் நிரப்பச் சொல்லாதீர்கள். ஈரமான செய்தித்தாளில் சுற்றிப் பாலிதீன் கவரில் போட்டால் போதும். பைக் ஹேண்டிலில் வெயிலில் தொங்கவிட்டு வந்தால் மூலக்கடை தாண்டுவதற்குள் வெந்துவிடும்.

கட்டில் சுற்றியிருக்கும் ஈயப் பட்டை, பஞ்சு, ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் எடுங்கள். கட்டோடு நட்டால் நடுத்தண்டு அழுகும். இலையின் அடியில் ஜெல்லி போல் ஒட்டியிருப்பது நத்தை முட்டை, விரலால் வழித்துவிடுங்கள். பிறகு படிகாரத் தண்ணீர்: நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரத்தைப் பொடித்து, லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கரைத்து, இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். பலர் சொல்லும் பொட்டாசியம் பர்மாங்கனேட்டும் வேலை செய்யும், ஆனால் ஹைட்ரில்லா மாதிரி மெல்லிய இலையைக் கருக்கிவிடும், கையையும் பழுப்பாக்கும். என் விருப்பம் படிகாரம்தான்.

ஏரியிலிருந்து அள்ளி வந்த ஹைட்ரில்லாவாக இருந்தால் ஒரு வாரம் தனி பக்கெட்டில் வைத்துக் கவனியுங்கள். தும்பியின் இளம்பூச்சி அதில் ஒளிந்து வரும், கப்பி மீன் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்னும்.

நடும்போது ஒன்றே ஒன்று: அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டின் கிழங்குத் தண்டையும் (இலையும் வேரும் கிளம்பும் தடித்த தண்டு) மணலில் புதைக்கக் கூடாது, அழுகிவிடும். கல்லில் ஃபெவிக்விக் ஒரு சொட்டு வைத்து ஒட்டுங்கள், காய்ந்தபின் மீனுக்கு ஆபத்தில்லை. நூலால் கட்டினாலும் சரி.

விளக்குக்குத் தனியாகச் செலவழிக்காதீர்கள். ஹார்ட்வேர் கடையில் "கூல் டேலைட்" என்று விற்கும் சாதாரண எல்இடி பல்பு 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு). தினம் ஏழெட்டு மணி நேரம் எரிந்தால் மேலே வாங்கச் சொன்ன எல்லாச் செடிக்கும் போதும். மீன் தொட்டிக்கென்று விற்கும் ஊதா, ரோஸ் விளக்குகள் பெரும்பாலும் மீன் நிறத்துக்காக விற்பது.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் சிலர், செடி வைத்த மறுநாளே இறால் செத்ததாகச் சொன்னார்கள். பெரும்பாலும் பண்ணையில் அடித்த பூச்சிமருந்தாக இருக்கும். மீன் தாங்கும் அளவை இறால் தாங்காது. இறால் வளர்ப்பவர்கள் புதுச் செடியை ஒரு வாரம் தனி பக்கெட்டில் வைத்து, தினமும் தண்ணீர் மாற்றிவிட்டுச் சேருங்கள்.

இன்னொரு கேள்வி, வெட்டிப் போடும் மிச்சத்தை என்ன செய்வது என்று. ரெட்டேரியிலோ மாதவரம் ஏரியிலோ கொட்டாதீர்கள். ஆகாயத்தாமரையே நம் ஏரிகளுக்குப் போதும். மொட்டை மாடியில் காயவைத்துப் பூந்தொட்டிக்குப் போடலாம். நல்ல நுனிகளாக இருந்தால் வாங்கிய கடையிலேயே கேட்டுப் பாருங்கள், சிலர் அதற்குப் பதிலாக மீன் தீவனம் தருவார்கள்.