பழைய மோட்டர்ஹோமில் வெள்ளோட்டம்: எங்கெல்லாம் சறுக்கும்?

1997இல் செய்த மோட்டர்ஹோம் (வீடுபோல உள்ளேயே சமைத்துப் படுக்க வசதியுள்ள வண்டி) ஒன்றை, டொரன்டோவின் ஸ்காபரோவில் வாங்கினோம். விற்றவர் "எல்லாம் வேலை செய்யும்" என்றார். பொய் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தபோது எல்லாம் வேலை செய்தன. நான்கு பேர் அதற்குள் சமைத்து, குளித்து, படுத்து எழும்பியபோதுதான் எது எப்போது மக்கர் பண்ணும் என்று தெரிந்தது.

வெள்ளோட்டத்தையே விடுமுறையாக நினைப்பதுதான் பலரும் செய்யும் முதல் பிழை. அல்கொன்குயின் காட்டுப் பூங்காவுக்கு முதல் தடவையே போய், அங்கே தண்ணீர் பம்ப் நின்றால், மூன்று மணிநேரத்துக்கு அப்பால் காட்டுக்குள் நிற்பீர்கள். நாங்கள் டார்லிங்டன் மாகாணப் பூங்காவைத் தேர்ந்தெடுத்தோம். 401 நெடுஞ்சாலையை ஒட்டி, ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருக்கிறது. வீட்டிலிருந்து ஒரு மணிநேரம்கூட ஆகாது. ஏதாவது உடைந்தால் கடை பக்கத்தில். ஒன்றுமே சரிவராவிட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே திரும்பிவிடலாம். ஆனால் ஓர் இரவு போதாது, இரண்டு வேண்டும். முதல் இரவு பிழையைக் காட்டும். அதைத் திருத்தியது சரிதானா என்று இரண்டாவது இரவுதான் சொல்லும். நடுவில் மழை பெய்தால் இன்னும் நல்லது, கூரை ஒழுகுவது தெரிந்துவிடும். மழை வராவிட்டால் உட்கூரையின் மூலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் பலகை ஊறிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது டயர். கிலோமீட்டர் குறைவு என்பதைப் பார்த்து மயங்காத ஆள் இல்லை, நானும் மயங்கினேன். மோட்டர்ஹோம் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் சும்மா நிற்பதால் டயரின் கட்டை தேய்வதில்லை. ஆனால் ரப்பர் வெயிலிலும் குளிரிலும் கிழடாகிக்கொண்டேதான் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2311 என்றிருந்தால் 2011ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. சில டயர்களில் இந்த எண் உள்பக்கம் இருக்கும், படுத்துத்தான் பார்க்க வேண்டும். பத்து வருடம் தாண்டியது பார்க்க எவ்வளவு புதிதாக இருந்தாலும் மாற்றுங்கள். பின்பக்கம் இரட்டைச் சக்கரம் என்றால், உள்ளே இருக்கும் டயரை எல்லோரும் மறந்துவிடுவார்கள். எங்கள் வண்டியில் உள்ளே இருந்த ஒன்றில் காற்று பாதிகூட இல்லை. வெளியே இருந்த டயர் அதன் சுமையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர் விஷயத்தை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். கனடாக் குளிரில் குழாய்க்குள் தங்கிய தண்ணீர் உறைந்தால் வெடிப்பு விழும். தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பம்பைப் போட்டு, எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். பம்ப் சில நொடிகளில் அடங்க வேண்டும். அடங்காமல் விட்டுவிட்டு உறுமினால் எங்கோ கசிகிறது. வெந்நீர்த் தொட்டி நிரம்பாமல் அதன் மின் சுவிட்சைப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் சூடாக்கி நிமிடங்களில் கருகிவிடும்.

சரி, இப்போது யாரும் பேச விரும்பாத விஷயம். மலசலம் சேரும் தொட்டியை இங்கே பிளாக் டேங்க் என்பார்கள். குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் போவது கிரே டேங்க். பிளாக் டேங்கின் வால்வைத் திறந்தே வைத்தால் மணக்காது என்று யாரோ சொன்னதை நம்பியவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தண்ணீர் மட்டும் வழிந்தோடி, மற்றது அடியில் கோபுரம்போலக் காய்ந்து நிற்கும். அதை இளக்க நாட்கணக்காகும். வால்வை மூடி வையுங்கள். தொட்டியில் முதலிலேயே ஒரு வாளி தண்ணீராவது ஊற்றிவிட்டு, ஒவ்வொரு தடவையும் தாராளமாகத் தண்ணீர் விடுங்கள். ஈரத் துடைதாள் ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது.

நான் செய்த பிழை வேறு. கழிவு இறக்கும் இடத்தில் கிரே டேங்கை முதலில் திறந்துவிட்டேன். பின்னால் வரிசையில் நின்ற முதியவர் இறங்கிவந்து, ஒன்றும் பேசாமல் ஒரு சோடி ரப்பர் கையுறையை நீட்டினார். பிறகுதான் வரிசை விளங்கியது. பிளாக் டேங்க் முதலில், கிரே டேங்க் அடுத்தது. அப்போதுதான் சவர்க்காரத் தண்ணீர் ஓடிவந்து குழாயைக் கழுவிவிடும். அந்த இடத்தில் கழுவ வைத்திருக்கும் பைப்பையும் குடிதண்ணீர் நிரப்பும் பைப்பையும் ஒருபோதும் மாற்றி எடுத்துவிடாதீர்கள். உங்கள் சொந்த ஹோஸையும் வேறாகவே வைத்திருங்கள்.

மின்சாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் மாட்டுவது சமையல் நேரத்தில். 30 ஆம்ப் இணைப்பில் 120 வோல்ட்டுக்கு 3,600 வாட்தான் கிடைக்கும். ஏசி 1,500, கேத்தல் 1,500, ரைஸ் குக்கர் 700 என்று வையுங்கள், கூட்டினால் 3,700. பிளேன்டீ ஊற்றப்போன நேரத்தில் எல்லாம் இருண்டுபோனது. ஒன்றை நிறுத்தி மற்றதைப் போடும் பழக்கம் இரண்டாம் நாள்தான் வந்தது. மீன் பொரிப்பதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், திரைச்சீலைக்குள் போன மணம் லேசில் போகாது.

பழைய வண்டிகளின் பிரிட்ஜ் பெரும்பாலும் அமோனியாவைச் சூடாக்கிக் குளிரவைக்கும் வகை. வீட்டு பிரிட்ஜ்போல சில மணிநேரத்தில் குளிரும் என்று நம்பி, புறப்படும்போது போட்டால் இறைச்சி பழுதாகும். முதல்நாள் இரவே போட்டு, ஏற்கெனவே குளிர்ந்த சாமானை வையுங்கள். வண்டி சரிந்து நின்றால் இது சரியாக வேலை செய்யாது, நாளடைவில் கெட்டும்போகும். நிறுத்தியதும் மட்டம் பார்ப்பது நன்றாக உறங்குவதற்காக மட்டும் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் சாக்குப்போக்கு வேண்டாம். காஸ் கசிவையும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவையும் அறிவிக்கும் கருவிகளுக்கு ஆயுள் உண்டு, வழக்கமாக ஐந்து முதல் ஏழு வருடம். பொத்தானை அழுத்தினால் கத்துகிறதே என்று விடாதீர்கள். அது ஒலிப்பான் வேலை செய்வதைத்தான் காட்டும், உள்ளே இருக்கும் உணரி உயிரோடு இருப்பதை அல்ல. பின்புறம் தேதி இருக்கும், பாருங்கள். அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்கும் யோசனை நள்ளிரவில் வரும், செய்யவே கூடாது.

ஓட்டுவதற்கு ஒன்ராறியோவில் கார் ஓட்டும் சாதாரண ஜி லைசென்ஸே 11,000 கிலோ எடையுள்ள வண்டி வரை போதும். அதனால் யாரும் சொல்லித்தராமலே வீதிக்கு வந்துவிடுகிறோம். திரும்பும்போது பின்பகுதி எதிர்ப்பக்கம் வீசும். ஞாயிறு காலை வெறிச்சோடிய வாகனத் தரிப்பிடத்தில் ஒரு மணிநேரம் பழகுங்கள். உயரத்தைக் கூரையில் இருக்கும் ஏசியோடு சேர்த்து அளந்து, மீட்டரில் எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். வண்டிக் கடதாசியில் 11 அடி 4 அங்குலம் என்றிருக்கும், பாலத்தில் 3.4 மீட்டர் என்றிருக்கும். உங்கள் வண்டி 3.45. பாலத்தை நெருங்கும்போது கணக்குப் போட நேரமிராது.

வீடு திரும்பியதும் களைப்பில் எல்லாவற்றையும் மூடிப் பூட்டத் தோன்றும். பிரிட்ஜைத் துடைத்து, கதவுக்கு இடையில் ஒரு துவாயைச் செருகித் திறந்தபடி விடுங்கள். நாங்கள் மூடிவிட்டோம். மூன்று கிழமை கழித்துத் திறந்தது என் மனைவி. அன்றைக்கு முழுக்க அவர் என்னோடு கதைக்கவில்லை.