கழிமுகத்தில் நன்னீரும் கடல்நீரும் கலந்திருக்கும் அளவைக் கண்டறிவது எப்படி?

கழிமுகத்தின் மேற்பரப்பில் ஒரு வாளி நீரை மொண்டு உப்பளவைப் பார்த்துவிட்டு, ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்துவிட்டன என்று முடிவு கட்டிவிட முடியாது. ஒரு கனமீட்டர் நன்னீரின் எடை ஏறத்தாழ 1000 கிலோ; கடல்நீரின் எடை ஏறத்தாழ 1025 கிலோ. இந்தச் சிறு வேறுபாடே நன்னீரை மேலும் உவர்நீரைக் கீழுமாக அடுக்கி நிறுத்தப் போதுமானது. அந்த அடுக்கைக் குலைப்பது ஓதம், அதாவது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவது. மீண்டும் மீண்டும் அடுக்குவது ஆறு. எனவே இரண்டையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

பரங்கிப்பேட்டையில் வங்கக்கடலைச் சேரும் வெள்ளாற்றை எடுத்துக்கொள்வோம். இங்கே ஓதத்தின் ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு உட்பட்டதே. ஆற்றின் நீர்வரத்தோ வடகிழக்குப் பருவமழையில் பெருகிக் கோடையில் சுருங்கிவிடுவதால், ஒரே கழிமுகம் கார்த்திகையில் ஒரு விதமாகவும் சித்திரையில் வேறு விதமாகவும் இருக்கும்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஓதம் வலுத்து நீரை நன்கு கலக்கும். அட்டமியை ஒட்டிய நாள்களில் அது தளர்வதால் அடுக்குகள் நிலைக்கும். இரு வகை நாள்களிலும் அளந்தால்தான் ஒப்பிட முடியும். நீரில் ஒளி வளையும் அளவைக்கொண்டு உப்பைக் காட்டும் கையடக்க ஒளிவிலகல்மானியும், கல் கட்டிய கயிற்றில் இறக்கி ஆழத்தில் மூடியைத் திறக்கக்கூடிய ஒரு புட்டியும் போதும். மானியை வாலைவடிநீரால் பூச்சியத்துக்குச் சரிசெய்துவிட்டு, முகத்துவாரம், நடுப்பகுதி, உப்பு ஆயிரத்துக்கு 0.5-க்குக் கீழே இறங்கும் மேற்பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் மேல்நீரையும், சேறு கலங்காதபடி தரைக்கு அரை மீட்டர் மேலிருந்து அடிநீரையும் எடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை மிகுந்த கவனம் தேவை. ஓர் ஓதச் சுற்று சுமார் 12 மணி 25 நிமிடம் நீடிக்கிறது. வற்றத்தின்போது, அதாவது ஓதநீர் கடலுக்குத் திரும்பும்போது, தரையோடு உராயும் அடிநீர் பின்தங்க, மேல்நீர் விரைந்து கடலை நோக்கிச் செல்வதால், ஆற்றின் நன்னீர் உவர்நீரின் மேல் போர்த்தப்பட்டு அடுக்கு வலுக்கிறது. ஏற்றத்தின்போது, அதாவது கடல்நீர் உள்ளே வரும்போது, இதற்கு நேர்மாறாக, உப்பு மிகுந்த கனமான நீரை மேலோட்டம் உள்ளே தள்ளிக்கொண்டு வருவதாலும், அது தன்னினும் இலேசான நீரின்மேல் நிலைக்க முடியாமல் அமிழ்வதாலும், அடுக்கு குலைந்து கலவை கூடுகிறது. ஆகையால் ஏற்றத்தின் நடுவிலும் வற்றத்தின் நடுவிலும் தனித்தனியே அளவெடுங்கள். நீர்மட்டம் உச்சத்தைத் தொட்ட கணத்திலேயே ஓட்டம் திரும்பிவிடும் என்று எண்ண வேண்டாம். ஒரு மிதவையை விட்டு ஓட்டத்தின் திசையை நேரில் பார்ப்பதே உறுதியானது. பெருவெள்ள நாளில் வற்றம் பாயும்போது சிறு படகில் முகத்துவாரத்துக்குச் செல்லக்கூடாது.

அடிநீர் உப்பிலிருந்து மேல்நீர் உப்பைக் கழித்து, இரண்டின் சராசரியால் வகுங்கள். விடை 0.1-க்குக் குறைவானால் நீர் நன்கு கலந்துள்ளது; 1-க்கு மேற்பட்டால் தெளிவான அடுக்குகள் உள்ளன; இடைப்பட்டால் கலவை அரைகுறையானது.

இதன் காரணத்தை அறிய, ஓர் ஓதச் சுற்றில் ஆறு கொண்டுவரும் நீரின் கன அளவை, ஏற்றம் உள்ளே கொண்டுவரும் நீரின் கன அளவால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 10 லட்சம் சதுர மீட்டர் பரப்பில் ஓதம் 0.6 மீட்டர் உயர்ந்தால் உள்ளே வருவது 6 லட்சம் கனமீட்டர். ஆறு நொடிக்கு 10 கனமீட்டர் தந்தால், 44,700 நொடிகளில் 4.47 லட்சம்; விகிதம் ஏறத்தாழ 0.75. இவ்விகிதம் 1-ஐ நெருங்கும்போது அடுக்குகளை எதிர்பார்க்கலாம். ஆறு நொடிக்கு 1 கனமீட்டராகச் சுருங்கினால் விகிதம் 0.1-க்குக் கீழே இறங்கி, ஓதமே மேலோங்கும்.

இரு கணக்குகளும் முரண்பட்டால், அன்றைய காற்றின் வேகத்தையும் முகத்துவார மணல்திட்டையும் பாருங்கள். திட்டு வளர்ந்து வாய் குறுகியிருந்தால் உள்ளே ஓதத்தின் உயரம் குறைந்திருக்கும். எனவே கடற்கரைக்குரிய ஓத அட்டவணையின் எண்ணை விடுத்து, கழிமுகத்தின் உள்ளேயே அளவுகோல் நட்டுப் பெற்ற உயரத்தைக் கொண்டு மீண்டும் கணக்கிடுங்கள்.