தூக்கமின்மைக்குச் செயலிவழிச் சிகிச்சை: மனச்சோர்வு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனச்சோர்வு தீர்ந்தால் தூக்கம் தானாக வந்துவிடும் என்று காத்திருப்பதே முதல் தவறு. தூக்கமின்மை பல வேளைகளில் மனச்சோர்வுக்கு முன்பே தொடங்கி, அது தணிந்த பின்னும் நீடித்து, அதை மீண்டும் வரவழைக்கவும் செய்கிறது. ஆஸ்திரேலியாவில் 1,149 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், இணையவழித் தூக்கச் சிகிச்சை பெற்றவர்களுக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும் குறைந்தன. ஆனால் அவர்கள் கடும் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகாதவர்கள் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அந்த முடிவை நம்பி மனச்சோர்வு மருந்தைத் தாமாகவே நிறுத்துவது ஆபத்தானது.

மழையோசை கேட்கச் செய்யும் செயலியைச் சிகிச்சை என்று எண்ணுவதும் தவறுதான். தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைப் படிப்படியாகக் கற்பிக்கும் செயலியே இங்கு பொருந்தும்.

பெரும்பாலோர் தடுமாறுவது, படுக்கையில் விழித்துக் கிடப்பதைத் தவிர்க்கப் படுக்கை நேரத்தைக் குறைக்கும் கட்டத்தில்தான். இரவு 11 மணிக்குப் படுத்துக் காலை 7 மணிக்கு எழும் ஒருவர், தூக்க நாட்குறிப்பின்படி ஐந்தரை மணி நேரமே தூங்குகிறார் என்றால், ஒரு மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழுமாறு செயலி சொல்லும். முதல் ஓரிரு வாரங்களில் பகல்நேர அசதி கூடும். அதைக் கண்டு சிகிச்சை பலிக்கவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். படுக்கையில் கழிக்கும் நேரத்தில் சுமார் 85 சதவீதம் தூக்கமாக மாறிய பிறகே படுக்கை நேரம் 15 நிமிடம் கூட்டப்படும். விரைவில் பலன் காணும் ஆசையில் ஐந்து மணி நேரத்துக்கும் கீழே குறைப்பது கூடாது. மனம் சோர்ந்தவருக்குப் படுக்கையே புகலிடம் என்பதால், குறித்த நேரத்தில் எழுவதுதான் மிகக் கடினம். விடுமுறை நாளில் கூடுதலாகப் படுத்திருந்தாலோ, பகலில் நெடுநேரம் கண்ணயர்ந்தாலோ, அன்றிரவுக்கு வேண்டிய தூக்கப்பசி குறைந்துவிடும். ஸ்மார்ட் வாட்ச் காட்டும் வரைபடத்தை நள்ளிரவில் ஆராய்வது கவலையை வளர்க்குமே தவிர, தூக்கத்தைத் தராது.

இருமுனைக் கோளாறு (மனநிலை மிகையான எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறிமாறிச் செல்லும் நோய்), வலிப்பு, தூக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவை உள்ளவர்களும் வாகனம் ஓட்டிப் பிழைப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இக்கட்டத்தைத் தொடங்கக் கூடாது. தூக்கம் குறைந்தால் இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மிகையெழுச்சி நிலை தூண்டப்படலாம். பல காலமாக எடுத்துவரும் தூக்க மாத்திரையையும் மருத்துவர் சொல்லும் அளவில் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். தற்கொலை எண்ணம் தலைதூக்கினால், செயலியின் அடுத்த பாடத்துக்காகக் காத்திராமல், உடனே நெருங்கியவரிடம் சொல்லி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.